பூட்டுக்காரரின் ஒரே கோல்

பூட்டுக்காரர் ஹாக்கி மட்டையை மடியில் கிடத்தி, பிடியில் சுற்றிய நாடாவை நகத்தால் நெம்பிப் பார்க்கிறார். உள்ளே அவரே கீறிவைத்த அடையாளம் இருக்கிறது. இருந்தாலும் இது தன் மட்டைதான் என்று நம்பிக்கை வரவில்லை. "கீறலையும் சேர்த்துக் காப்பியடிச்சிருக்கலாம்ல?" என்று என்னிடம் கேட்கிறார். இரவு முழுவதும் மட்டை அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

ஊரார் பூட்டைத் திறந்து பிழைப்பவர். எந்தப் பூட்டும் எவ்வளவு லேசு என்று தெரிந்த மனிதருக்கு யாரை நம்பத் தோன்றும்? தண்ணீர் பாட்டிலை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். நடுவரின் கைக்கடிகாரத்தைத் தன்னுடையதோடு ஒத்துப் பார்ப்பார். எதிரணி ஆள் நன்றாக ஆடினீர்கள் என்று கை கொடுத்தால், "இவன் எதுக்கு இப்ப குழையறான்?" என்பார். மட்டையை மட்டும் யாரும் தொடக் கூடாது. நான் ஒருமுறை தெரியாமல் எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்களுடையது ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டம். தொப்பையும் மூட்டுவலியும் உள்ளவர்கள் கூடுவோம், வியர்த்ததும் கலைந்துவிடுவோம். அதில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முன்வரிசையில் ஆடுகிறார் இவர். கோல் மட்டும் வாய்க்கவில்லை. கம்பத்தில் அடித்திருக்கிறார், நடுவர் முதுகில் அடித்திருக்கிறார், ஒருமுறை வெளியே நின்ற பால் வண்டியில் அடித்திருக்கிறார். "எனக்குன்னு வர்ற பந்து மட்டும் ஏன் கோணலா உருளுது?" என்று பந்தையே சந்தேகிப்பார்.

போன ஞாயிறு அந்தப் பந்து உள்ளே போய்விட்டது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். அவர் மட்டும் அசையாமல் நின்று எதிரணி கோல்கீப்பரை முறைத்தார். கோல்கீப்பர் அவர் மனைவியின் தம்பி. வயசாகிவிட்டது, ஒரு கோல் அடித்ததும் ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று மனைவி நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். அக்கா சொல்லித் தம்பி விட்டுக்கொடுத்துவிட்டானோ என்று அவர் மனசுக்குள் வண்டு குடையத் தொடங்கியது. வாழ்நாளில் அடித்த ஒரே கோல். அது தன்னுடையதா, பிச்சையா என்று தெரியாமல் மனிதர் வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். வழக்கமே இல்லாமல் அந்த அம்மாள் அன்று மைதானத்துக்கு வந்திருந்தார்.

இன்று ஆட்டம் தொடங்குமுன் மைத்துனரை வலையோரம் ஒதுக்கினார்.

"உண்மையைச் சொல்லு மாப்ளே. உங்கக்கா என்ன சொன்னா?"

"விட்டுக்கொடுக்கச் சொல்லத்தான் செஞ்சா மாமா. நான்தான் முடியாதுன்னுட்டேன். உங்ககிட்ட கோல் வாங்கினா என்னை டீம்ல எவன் மதிப்பான்?"

"இப்படிப் பேசச் சொன்னதும் அவதானா?"

மைத்துனர் சட்டைக் கையை மடக்கினார். அன்று மறிக்கப் பாய்ந்தபோது பந்து அவர் கையில் பட்டுத்தான் வலைக்குள் புகுந்தது. முழங்கைக்கு மேலே அந்த இடம் இன்னும் கன்றிப்போய் நீலமாக இருந்தது. பூட்டுக்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த நீலத்தை அழுத்தித் தேய்த்தார். "ஐயோ, மாமா" என்று மைத்துனர் துள்ளினார். பூட்டுக்காரர் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயம் ஒட்டவில்லை.

பிறகு, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவதற்காகக் குனிந்தார். "இதைக் கொஞ்சம் பிடி" என்று மட்டையை மைத்துனரிடம் நீட்டினார்.