உர்ரென்ற மூஞ்சி

ஒஹாயோவில் பழைய கார் விற்கும் வெர்லின் ஸ்டாஸ்கோவுக்கு ஒரே கொள்கைதான்: ஆசையைக் காட்டியவனுக்குத் தள்ளுபடி கிடையாது. ஒருவன் வந்து நீல வண்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஒரு டாலர்கூட அவர் குறைக்கவில்லை.

மகள் டாரி ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பேன் என்றாள். இடம் கிடைத்தால் வேறெங்கும் போகமாட்டாள் என்று அப்பாவும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"அப்படிப் போட்டா இடம் சுலபமா கிடைக்கும்பா."

"இடம் கிடைக்கும்டி, உதவித்தொகை? உங்கள விட்டா எனக்கு வேற கதியில்லன்னு எழுதிக் குடுத்தா எவன் குடுப்பான்? நிதானமா நாலு இடத்துல போடு. உன் மார்க்கைப் பாத்து எவன் அதிகம் தர்றானோ அங்க போ. நாளைக்கு அந்தக் காலேஜச் சுத்திப் பாக்கும்போது மூஞ்சிய உர்ருனு வச்சுக்க."

மறுநாள் டாரி அப்படியே வைத்துக்கொண்டாள். நூலகத்தில் கொட்டாவி விட்டாள். வெர்லின், பழைய கார் வாங்க வருபவன் டயரை உதைப்பதுபோல் வாசல் தூணை உதைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து கல்லூரியைச் சுற்றிக்காட்டிய மாணவிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் பொறியியல் கூடம். மாணவர்கள் பார்ப்பதற்காக ஒரு லாரி எஞ்சினை நெடுக அறுத்து வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் பிஸ்டன்கள் மெல்ல ஏறி இறங்கின. வெர்லின் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பதினோராவது முறை எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா," என்று மாணவியிடம் கண்ணைத் துடைத்தபடி கேட்டார், "கையெழுத்து எங்க போடணும்?"

டாரி பல்லைக் கடித்தாள். "அப்பா, மூஞ்சி!"