பதினான்கு ஞாயிறும் ஒரே பதில்

சல்யாப்பாட்டா ஊர்ச்சபைக்கு ஹெர்மிலா சுல்கா செயலாளராக வந்தது யாரும் ஆசைப்பட்டு நடந்த காரியமில்லை. பெருவின் மலைநாட்டில், அயகுச்சோ பக்கம், நூறு வீடு தேறாத அந்த ஊரில் கோணாத கையெழுத்து அவளுக்கு மட்டும்தான் இருந்தது. படித்ததென்னவோ ஐந்தாவதுதான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், கம்பளிக்காக வளர்க்கிற அல்பாக்கா இருபது உள்ள மந்தை, அதிகம் பேசாத புருஷன் அலிப்பியோ. நினைத்ததைப் பட்டென்று சொல்லிவிடுகிற வாய் அவளுக்கு. அந்த வாய்க்காகவே சிலருக்கு அவளைப் பிடிக்கும், சிலருக்கு ஆகாது.

ஊருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பூக்கா ஊற்றைச் சுற்றியுள்ள நிலத்தைத் தோண்ட ஏதாவது சுரங்கக் கம்பெனி மனுப் போட்டுவிடுமோ என்பதுதான் அது. குடிக்கிற தண்ணீர், மந்தைக்குத் தண்ணீர், உருளைக்கிழங்குக்குப் பாய்கிற தண்ணீர் எல்லாம் அந்த ஒரு ஊற்றுதான். மனு வந்தால் தலைநகரிலுள்ள சுரங்க அலுவலகம் அறிவிப்பு வெளியிடும். முப்பது நாளுக்குள் ஊர் எதிர்மனு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இப்படிச் சட்டம் எழுதிய மகராசன் ஒருநாளும் ஒன்பது மணி நேரம் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கியிருக்க மாட்டான்.

முன்பெல்லாம் மாதம் ஒருமுறை ஊர்ப் பெரியவர் சத்துர்னினோ போய் அலுவலக வாசலிலுள்ள பலகையைப் பார்த்துவிட்டு வருவார். ஊர்ச் செலவில் போய், சில சமயம் புதுத் தொப்பியோடு திரும்புவார். பலகையைப் பார்த்தாரா, தொப்பிக் கடையைப் பார்த்தாரா என்று பெண்கள் கேலி பேசுவார்கள். ஆனால் மழையானாலும் பனியானாலும் அந்த மனிதர் ஒரு மாதம்கூடப் போகத் தவறியதில்லை.

பிறகுதான் மரிபெல் வந்தாள். ஏதோ தொண்டு நிறுவனத்துப் பெண், நல்ல பெண். இணையதளங்களின் ஃபீடைப் போனில் சேர்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். அந்தத் தளத்தில் புதிதாக எதைப் போட்டாலும் நாம் தேடிப் போகாமலே நம் போனுக்கு வந்து நிற்கும். ஹெர்மிலா ஒரே மத்தியானத்தில் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தின் அறிவிப்புகள், உறைபனி எச்சரிக்கை, கம்பளிப் பின்னல் மாதிரிகள் போடுகிற ஒரு தளம் என்று மூன்றைச் சேர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு பாறை, அங்கேதான் சிக்னல். சனிக்கிழமை தவறாமல் ஏறிப்போய் உட்கார்ந்து பார்ப்பாள்.

"இனிமே சத்துர்னினோ மாமா அலைய வேண்டாம்" என்று சபையில் அவளே எழுந்து சொன்னாள். "அறிவிப்பு வந்தா அன்னைக்கே என் போனுக்கு வந்துரும்."

"ஆமா, அதுக்குக் கால் மொளச்சிருக்கு. தலைநகரம் போயிட்டு வருது" என்றார் சத்துர்னினோ.

"உங்களுக்குத் தொப்பிதான் மாமா நஷ்டம்."

கோகா இலையை மென்றுகொண்டிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் கிரிமால்டோ கை தூக்கச் சொன்னார். சத்துர்னினோவின் பயணம் அன்றோடு நின்றது.

சொன்னபடியே எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊருக்கு வந்த அறிவிப்பு ஒன்றை ஹெர்மிலாதான் முதலில் பார்த்து ஆள் அனுப்பினாள். அவர்கள் இருபதாம் நாளே எதிர்மனு கொடுத்துத் தப்பித்தார்கள், நன்றிக்கு ஒரு செம்மறியும் அனுப்பினார்கள். அதன்பின் அவளைக் கேலி செய்ய யாருக்கும் நா எழவில்லை.

மார்ச் மாதத்திலிருந்து அறிவிப்புகள் வரவில்லை. அந்த மலையில் மார்ச் மழைக்காலம், அலுவலகத்தில் தூங்குகிறார்கள் போல என்று நினைத்தாள். பனி எச்சரிக்கை நாள் தவறாமல் வந்தது, பின்னல் மாதிரி வந்தது. போன் வேலை செய்யவில்லை என்று எப்படிச் சந்தேகம் வரும்?

ஞாயிறு சபையில் கிரிமால்டோ முதலில் கேட்பது அதைத்தான். "செயலாளரே, ஏதாச்சும் வந்திருக்கா?"

"புதுசா ஒண்ணும் இல்ல."

போனில் பார்த்ததையும் சொன்னதையும் அப்படியே நடவடிக்கைப் புத்தகத்திலும் எழுதுவாள். பதினான்கு ஞாயிறு எழுதினாள்.

பதினைந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பூக்கா ஊற்றுக்கு ஒரு வண்டி வந்தது. மூன்று பேர் இறங்கி, சிவப்புச் சாயம் அடித்த முளைகளை நட ஆரம்பித்தார்கள். பெண்கள் ஓடிப்போய் மறித்தார்கள். வந்தவர்களில் ஒருவன் பொறுமையாகக் காகிதத்தைக் காட்டினான்.

"கெடு முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சும்மா. வெப்சைட்ல போட்டிருக்கே, பாக்கலியா?"

எல்லோரும் ஹெர்மிலாவைத்தான் பார்த்தார்கள். அவள் பாறைக்கு ஓடினாள். பின்னல் மாதிரி புதிதாக மூன்று வந்திருந்தது. அலுவலகத்தின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. மரிபெல்லைக் கூப்பிட்டாள்.

மரிபெல் தன் கணினியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மார்ச்சுல அவங்க தளத்தையே மாத்திட்டாங்கக்கா. முகவரி வேற. பழைய ஃபீடு செத்துப் போச்சு."

"செத்துப் போச்சுன்னா போன் சொல்லாதா?"

"சொல்லாதுக்கா, சும்மா இருக்கும். அப்பப்ப தளத்துக்கே போயி ஒரு தடவ பாத்துக்கணும்."

"இத நீ எனக்குச் சொல்லல."

"சொல்லத் தோணலக்கா" என்றாள் மரிபெல். அழுதாள் போலிருந்தது. செய்தி இல்லை என்பதும் செய்தி வந்து சேரவில்லை என்பதும் அந்தப் போனில் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள ஊர் கொடுத்த விலை ஊற்று.

ஊர் அமர்த்திய வக்கீல் சாராத்தே கெடுவை நீட்டக் கேட்கலாம் என்றார். விசாரணைக்குப் போகிற வழியில் புத்தி சொன்னார். "இண்டர்நெட்னா என்னன்னே தெரியாத சனங்கன்னு சொல்லிருங்க. அந்த ஒரு வழிதான் இருக்கு."

கிரிமால்டோ அதிகாரி முன்னால் தொப்பியைக் கழற்றினார். "மலையில கெடக்கிறவங்க அய்யா நாங்க. போனு கீனு எதுவும் தெரியாது." அடுத்து ஹெர்மிலா. எதையெல்லாம் கற்றுக்கொண்டோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தாளோ, அத்தனையையும் விழுங்கிக்கொண்டு "தெரியாதுங்க" என்றாள். ஊற்றுக்காக எதையும் சொல்லியிருப்பாள்.

கம்பெனியின் வக்கீல் ஒரு சின்னப் பெண். அவள் ஒரு நகலை எடுத்தாள். நடவடிக்கைப் புத்தகத்தின் நகல். ஊர்ச்சபை ஒழுங்காகக் கூடுகிறது என்று காட்டுவதற்காக சாராத்தேயே மனுவோடு சேர்த்துக் கொடுத்திருந்தார், ஒரு பக்கமும் படித்துப் பார்க்காமல். இவரையும் வக்கீல் என்று சொல்லி ஊர் சோறு போட்டது.

"'செயலாளர் ஹெர்மிலா சுல்கா அலுவலகத்தின் அறிவிப்புகளைப் போனில் பார்த்தார். புதிதாக எதுவும் இல்லை.' இப்படிப் பதினாலு வாரம் இருக்கு. கையெழுத்து உங்களுதுதானேம்மா?"

"என்னுதுதான்."

அதிகாரி பேனாவை மூடினார்.

அடுத்த ஞாயிறு சபை கூடியபோது ஊற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டாகிவிட்டது. மந்தையை ஒரு மணி நேரம் கீழே இறக்கிக் கலங்கல் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர்கள் புழுதிக் காலோடு உட்கார்ந்திருந்தார்கள். சத்துர்னினோ எழுந்தார். அவர் குரலில் கேலி இல்லை. கேலி பேசியிருந்தால்கூட ஹெர்மிலா தாங்கியிருப்பாள்.

"செயலாளர் தப்பால ஊத்து போச்சுன்னு புத்தகத்துல எழுதணும். அவளை எடுத்துரணும்."

"எழுது" என்றார் கிரிமால்டோ. புதியவர் பொறுப்பேற்கும்வரை பழையவர்தான் எழுத வேண்டும் என்பது வழக்கம்.

"தளம் மாறினதையும் ஒரு வரி எழுதிக்கட்டுமா?"

"அத ஒம் போன்ல எழுதிக்க. இதுல ஊரு சொல்றத எழுது" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

எழுதினாள். ஒரு எழுத்தும் கோடு தாண்டவில்லை. பிறகு கைகள் உயர்ந்தன. கை எண்ணுவதும் செயலாளர் வேலைதான். எழுந்து நின்று வரிசை வரிசையாக எண்ணினாள். மூன்றாவது வரிசையில் அலிப்பியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை பாதி எழுந்து நின்றது, பிறகு முழுதாக எழுந்தது. அதையும் எண்ணினாள்.

"ஆதரவா அறுபத்தொண்ணு. எதிர்ப்பா நாலு" என்றாள். உட்கார்ந்து எழுதினாள்.

கிரிமால்டோ முத்திரை வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அறுபத்தொண்ணுன்னுதானே சொன்ன? இங்க அறுபத்தி ரெண்டுன்னு இருக்கு."

"எனக்கும் ஓட்டு இருக்கு" என்றாள் ஹெர்மிலா. "என் கையில பேனா இருந்துச்சு, தூக்க முடியல."