ஜப்ரான் தலைக்கொரு பூவளையம்

ஜப்ரானின் தலையைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய தலை! ஃபைஃபா மலைப்பாதையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வளைவில் லாரி திரும்பும்போது முதலில் தெரிவது அந்தத் தலைதான். தங்கமான மனுஷன், வாய்தான் கிடையாது.

எங்கள் மலையில் பூ வைத்துக்கொள்வது ஆண்கள். தலையில் பூவளையம் இல்லாமல் ஒருவன் சந்தைக்கு வந்தால், உடம்பு சரியில்லையா என்று கேட்போம். ஹஸ்னா தன் வயலில் பறித்த மல்லிகை, மரிக்கொழுந்து, சாமந்தியையெல்லாம் வளையமாகக் கட்டி வாரச் சந்தைக்குக் கொண்டு வருவாள். என் தேன்கடைக்குப் பக்கத்தில் விரித்த பாய் அவளுடையது. புருஷன் இறந்து வருஷக்கணக்காகிறது. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் வாயாலேயே விரட்டியவள். ஜப்ரானோ வாராவாரம் அவளிடம் பூ வாங்குவான், "நல்லாருக்கு" என்பான், போய்விடுவான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் என்னிடம் வந்து முணுமுணுத்தான்.

"ஃபித்தா அக்கா, ஜித்தாவுல லாரி வேலை கிடைச்சிருக்கு. அடுத்த சந்தை முடிஞ்சதும் கிளம்புறேன்."

"ஹஸ்னாகிட்ட கேட்டியா?"

"முடியாதுன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"அட மடையா! அவ சொல்றதுக்கு முந்தி நீயே சொல்லிக்கிறியே!"

அந்தச் சந்தை நாள் பார்த்து அவன் லாரி டயர் பஞ்சர். வெயில் ஏறிவிட்டது. ஹஸ்னாவின் பாயில் ஈரத்துணி மூடிய ஒன்று மட்டும் மிச்சம். கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் வந்த ஆட்டு வியாபாரி மூஸா, துணியை விலக்கி அடியிலிருந்த வளையத்தை எடுத்துத் தலையில் மாட்டினான். அது மூக்கைத் தாண்டிக் கழுத்தில் போய் விழுந்தது. சந்தையே சிரித்தது.

"கழட்டுங்க! அது விக்கிறதுக்கில்ல!" என்று பிடுங்கித் துணிக்கடியில் பழையபடி வைத்தாள் ஹஸ்னா.

"யாருக்கும்மா இது, ஒட்டகத்துக்கா?"

ஹஸ்னா முகம் சிவந்துவிட்டது. அடிக் கள்ளி! எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜப்ரான் மூச்சிரைக்க ஓடிவந்தான். பாயில் பூ எதுவும் தெரியாததைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. ஹஸ்னா ஈரத்துணியை விலக்கி வளையத்தை எடுத்து நீட்டினாள். அவன் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகுதான், அது இத்தனை நேரம் எதன்மேல் இருந்தது என்று கவனித்தான்.

"இது சோறாக்குற பானையாச்சே?"

"ஆமா. மத்தவங்களுக்குக் கிண்ணத்துல வச்சு அளவெடுப்பேன். உங்க தலைக்கு வீட்டுல இது ஒண்ணுதான் சரியா வருது. கட்டினது குலையாம அதுமேலயே இருக்கணும். அதனால சந்தைக்கு முந்தின நாள் எங்க வீட்டுல சோறு கிடையாது, ரொட்டிதான்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க 'நல்லாருக்கு'ன்னு சொல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து."

நான் தேன்கரண்டியால் அவன் முதுகில் இடித்தேன். ஒருவழியாக வாயைத் திறந்தான்.

"வேற பானை ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பானை எதுக்கு?" என்றாள் ஹஸ்னா. "தலையே வீட்டுல இருந்தா, அதுல வச்சே கட்டிட மாட்டேனா?"

ஜித்தாவில் அந்த லாரியை வேறு யாரோ ஓட்டுகிறார்களாம்.