சிவப்பு வளையம் போட்ட செடி

மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் என்றால், அடுத்த கேள்வி எந்த ஆஸ்பத்திரி என்பதுதான். தேயிலைக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். குன்னூரில் என் ஆய்வுக்கூடம். பிழைப்பு முழுக்க ஒரே ஒரு செடியின் மேல். ஜெகதளா பக்கம் ஒரு எஸ்டேட்டில், மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துச் செடிகளெல்லாம் கொப்புள நோய் வந்து கருக, அது மட்டும் பளிச்சென்று நின்றது. அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து நான் எழுதிய கட்டுரையை எங்கெங்கோ மேற்கோள் காட்டினார்கள். காட்டும்போதெல்லாம் என் போனில் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஏங்கிக் கிடந்தேன். சொல்ல என்ன வெட்கம்.

பிறகு ஒரு வெளிநாட்டுக் குழு, தாங்கள் செய்து பார்த்ததில் அப்படியொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் எழுதினார்கள். இதில் கூத்து என்னவென்றால், திட்டி எழுதினாலும் மேற்கோள் எண்ணிக்கை ஏறும். பதவி உயர்வுக் குழுவுக்கு அந்த எண்ணிக்கை போதும். எனக்குத்தான் தூக்கம் போனது. அதே செடியில் புது இலை எடுத்துச் சோதித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று அதை வெளியிட்ட இதழிலிருந்து சொல்லிவிட்டார்கள். பழைய சாம்பிள் தீர்ந்திருந்தது. அதிலிருந்து எடுத்துச் சோலூரில் வளர்த்த கன்றுகளை உறைபனி கருக்கிவிட்டது. மிச்சம் அந்தத் தாய்ச்செடி மட்டும்.

இலை எடுக்க வரலாமா என்று எஸ்டேட் ஃபீல்டு ஆபீசருக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தன்மையானவர், புதிதாக வந்தவர். தாராளமாக வரச் சொன்னார். கூடவே, அந்தப் பக்கம் பட்டுப்போன செடிகளைப் பிடுங்கும் வேலை நடக்கிறது, சிவப்பு பெயிண்ட் அடித்ததெல்லாம் இன்றைக்கே முடிந்துவிடும் என்றார். லைன் கட்டாகிவிட்டது.

அடையாளம் தெரியட்டும் என்று என் செடியின் அடித்தண்டில் சிவப்பு பெயிண்டால் வளையம் போட்டு வைத்திருந்தவள் நானேதான்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். டவர் கிடைத்தால்தானே! ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். மூடுபனியில் முன்னால் போகிற பஸ்கூடத் தெரியவில்லை. வளைவில் ஒரு டூரிஸ்ட் வேனை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எஸ்டேட் கேட்டை நெருங்கும்போது மிஷின் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். பாதி மேட்டில் சத்தம் நின்றுபோனது. மிச்ச மேட்டை நடந்தே ஏறினேன்.

செடி குழிக்குப் பக்கத்தில் வேர் மேலே தெரியக் கிடந்தது. இலையெல்லாம் இன்னும் பச்சையாகவே இருந்தது.

யாரைக் கேட்டுப் பிடுங்கினீர்கள் என்று கத்தினேன். பெயிண்ட் இருந்ததே என்றார் ஃபீல்டு ஆபீசர். உலகத்தில் எத்தனை பேர் இந்தச் செடியைப் பற்றி எழுதுகிறார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

“ஏனுங்க மேடம், ஒலகத்துக்கே சொல்லிப்போட்டீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே,” என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இலைகளைப் பறித்து ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். வேலைக்கு வந்திருந்த பெண்கள் சொல்லாமலே கத்தியோடு உட்கார்ந்து, நட்டு வளர்க்க, ஒரு இலையும் ஒரு கணுவுமாகத் தண்டுத் துண்டுகள் நறுக்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள்.

சோதனையில் மரபணு இருந்தது. கட்டுரை தப்பியது, பதவியும் உயர்ந்தது. நட்டு வைத்த துண்டு ஒன்றுகூட வேர் விடவில்லை.

போனில் அந்தச் சத்தம் இப்போதும் வருகிறது. சந்தேகப்பட்ட அதே வெளிநாட்டுக் குழு சென்ற வாரம் மன்னிப்புக் கேட்டு, அந்தச் செடியில் ஒரு துண்டு அனுப்ப முடியுமா என்று பணிவாக எழுதியிருக்கிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.