தூண்டிலுக்கு எபாக்ஸி பூசிய ஞாயிறு

எங்கள் கோட்டூர்புரம் வீட்டில், பீரோவுக்குப் பக்கத்தில், முடிக்காத தூண்டில் கழி ஒன்று பல மாதங்களாகச் சாய்ந்து நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து செய்ய ஆரம்பித்தது. கழி அப்பா வாங்கியது. தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் சித்தப்பாவுடையவை. வளையங்களைச் சிவப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டிய கையோடு இருவருக்கும் சண்டை வந்து, சித்தப்பா அசோக் நகருக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டார். சண்டை எதற்கென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நூல் பிரியாமலிருக்க அதன்மேல் ஏதாவது பூச வேண்டும், அது மட்டும் பாக்கி என்று தெரியும். அம்மாவின் ரோஸ் நெயில் பாலீஷ்தான் சரி என்பது என் கட்சி.

ஒரு ஞாயிறு காலை சித்தப்பா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு என்னிடம், “என் வளையத்த கயட்டிக்கினு போவ வந்தேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்றார்.

“பிளேடு ஜன்னல்ல கீதுன்னு சொல்லு” என்றார் அப்பா, பேப்பரை இறக்காமலே.

அன்று அத்தையும் வந்திருந்தார். இருவருக்கும் மூத்தவர். “அழகா சுத்தின நூல அறுப்பீங்களாடா? பூசி முடிங்க. அப்பால யாராவது எடுத்துக்கினு போங்க. இன்னா பூசணும்?”

வார்னிஷ் போதும், பூசித் தொங்கவிட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்றார் அப்பா. இரண்டு திரவத்தைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசைதான் கண்ணாடி மாதிரி வரும் என்றார் சித்தப்பா. ஆனால் இறுகும்வரை கழியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஒரு பக்கமாக வழிந்துவிடும்.

“எவ்ளோ நேரம் திருப்பணும்?”

“சாயங்காலம் ஆயிடும்க்கா. ஒத்த ஆளால ஆவாது.”

“அப்ப அதையே பூசுங்க” என்றார் அத்தை.

நெயில் பாலீஷை யாரும் பொருட்படுத்தவில்லை.

இரண்டு நாற்காலி முதுகுகளில் கழியைக் கிடத்தி, அப்பா திருப்பினார். சித்தப்பா பிரஷ்ஷோடு உட்கார்ந்து, வழியும் இடத்தைத் துடைத்தார். நடுவில் நான் தபால்காரி. “மெதுவா சுத்தச் சொல்லு.” “வேலையப் பாக்கச் சொல்லு.” கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு ஈரப் பூச்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

“டேய், கொசுடா! எடு, எடு!”

“நீ கைய நிறுத்தாதண்ணா!”

ஊசியால் கொசுவை எடுத்தார்கள். அதன் கால் ஒன்று பூச்சிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்த்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிசுபிசுத்த கையோடு சாப்பிட முடியாதென்று, அத்தை மீன்குழம்புச் சோற்றை உருட்டி, மீசை வைத்த இருவருக்கும் மாறி மாறி ஊட்டினார்.

சாயங்காலம் சிவப்பு நூல் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் மின்னியது. சித்தப்பா கிளம்பும்போது அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூச்சைத் தடவிப் பார்த்தார்.

“மேடும் பள்ளமுமா கீது. அடுத்த ஞாயித்துக்கிழம இன்னொரு கோட் அடிச்சாதான் சரிப்படும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

“ஆமாக்கா” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

நானும் விரலால் தடவினேன். எங்கும் மேடில்லை. “வழவழன்னு தானே அத்தே இருக்கு?” என்றேன். அத்தை என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

அத்தைக்குச் சீக்கிரம் வேறு கண்ணாடி வாங்க வேண்டும் என்று, உள்ளே போய் அம்மாவிடம் கவலையோடு சொன்னேன்.