சித்தி செய்த நத்தார்ப் பாட்டு

மார்கழி பிறந்து, கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் நெருங்கிவிட்டால் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்தப் பாட்டிலிருந்து யாரும் தப்ப முடியாது. கோயிலில் பாடுவார்கள். வீடு வீடாக வரும் கரோல் குழுவும் பாடும். வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையே பெண்ணைப் பார்த்து அதைப் பாடியதையும் கேட்டிருக்கிறேன். அது தேவபாலனுக்கான பாட்டா, காதல் பாட்டா என்று யாரும் கவலைப்படுவதில்லை. அது பிறந்த விதம் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. மன்னாரில் ஒரு சுவாமி எழுதியது என்பார்கள் சிலர். நோயில் கிடந்த மனைவிக்காகக் கணவன் எழுதியது என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது கதை உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது, ஆனால் தலைகீழாக. எழுதியவர் மனைவி. முதன்முதலில் பாடியது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தார். அவரும் சித்தியும் எங்கள் வீட்டுப் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோயில் பாடகர் குழுவில் சித்தி பாட, சித்தப்பா கிற்றார் வாசிப்பார். காதல் அங்கேதான் தொடங்கியதாம். கல்யாணம் முடிந்து இத்தனை வருடமாகியும் அவர் கம்பியைப் பார்க்காமல் சித்தியையே பார்த்துக்கொண்டு பிழை பிழையாக வாசிக்கிறார் என்பது குழுவின் நிரந்தர முறைப்பாடு.

அந்த வருடம் சித்தியின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் குரல் இருக்கவில்லை. காதுக்குள் இரகசியம் சொல்வதுபோல வெறும் மூச்சுக்காற்றில்தான் பேசினார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பெரியவர் ஒருவர் என்னிடம் எப்போதும் இரகசியமே பேசுவது எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று நினைத்தேன். டொக்டர்மார் அதற்கு மேல் என்ன சொல்லியிருந்தார்கள் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஒரு நாள், சித்தப்பா கந்தோருக்குப் போன பிறகு, சித்தி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“சித்தப்பாவுக்கு நத்தார்ப் பரிசு ஒண்டு செய்வம். அவருக்குச் சொல்லக்கூடாது, சரியோ?”

பரிசு ஒரு பாட்டு. சொற்களைக் காதுக்குள் சொல்லிவிடலாம், மெட்டை எப்படிச் சொல்வது? சித்தி என் உள்ளங்கையில் விரலால் தாளம் தட்டி, மற்றக் கையை ஏற்றி இறக்கிக் காட்டுவார். கை ஏறினால் என் குரலும் ஏற வேண்டும். நான் பிழை விட்டால் தலையாட்டி மறுப்பார். சில வேளைகளில் என் பிழையே நன்றாயிருக்கிறதென்று வைத்துக்கொள்வார். ஆகவே இன்று ஊரே பாடும் அந்த மெட்டில் என் பிழைகளும் கொஞ்சம் கலந்திருக்கின்றன.

‘வாசல் விளக்கை அணைக்காதே, வருவது யாரென்று கேட்காதே’ என்று தொடங்கும். பாலன் இயேசு வருகிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடைசிச் சரணம் இப்படி வரும்:

‘இடமில்லை என்று சொல்லாதே,
ஒருத்தி வந்து நின்றால்
என் இடத்தை அவளுக்குக் கொடு.’

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படித்தது எனக்கு நல்ல ஞாபகம். பெத்லகேமில் மாதாவுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. வந்து நிற்கும் ஒருத்தி மாதாதானே என்று கேட்டேன். சித்தி என் தலைமயிரை ஒதுக்கிவிட்டபடி, “ஓம் பிள்ளை, மாதாதான்” என்றார்.

நத்தாரன்று பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், பாலன் குடிலுக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். சித்தப்பா முதலில் சிரித்தார். எங்கே பழகினேன் என்று கேட்கப் போனவர் சித்தியின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே விட்டுவிட்டார். தான் அமர்ந்திருந்த கதிரையின் கையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிச் சரணம் வந்தபோது அந்தக் கை நின்றுவிட்டது. எழுந்து பின்கதவால் முற்றத்துக்குப் போனார். அம்மா என்னிடம் போதும் என்றார். ஆனால் சித்தி மேசையில் தட்டி, கையை ஏற்றிக் காட்டினார். நான் பாடி முடித்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்த சித்தப்பா சித்தியின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

“நீர் சொன்னது எனக்குக் கேட்டுது,” என்றார். “அந்தக் கடைசித் துண்டை மட்டும் நான் பாடமாட்டன்.”

அந்த இடம் நல்ல உச்சத்தில் போகும். சித்தப்பாவின் குரலுக்கு அது எட்டாது என்றுதான் சொல்கிறார் என நினைத்தேன்.

தவக்காலம் தொடங்கும் முன்பே சித்தி போய்விட்டார்.

அடுத்த நத்தாருக்குச் சித்தப்பா பாடகர் குழுவுக்கு அந்தப் பாட்டைப் பழக்கினார். கடைசிச் சரணத்தை விட்டுவிட்டார். இன்னும் ஒரு துண்டு இருக்கிறதே என்று நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொன்னேன். அவர் கிற்றார் கம்பியை முறுக்கிக்கொண்டே, “அது சித்திக்கும் எனக்கும் உள்ளது பிள்ளை,” என்றார். அது இல்லாமலேதான் பாட்டு கொட்டாஞ்சேனையைத் தாண்டிப் போனது. சில வருடம் கழித்து அம்மா அவருக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்கும் கதையை எடுத்தார். அந்தக் கதை வேண்டாம் அண்ணி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்றும் அதே அனெக்ஸில் தனியாகத்தான் இருக்கிறார்.

அந்தக் கடைசித் துண்டில் இருந்ததை நேரே சொல்லச் சித்திக்கு மூச்சு இல்லாமல் இல்லை. ஆனால் தன் வாயால் சொல்லியிருந்தால் முதல் சொல்லிலேயே சித்தப்பா அவர் வாயைப் பொத்தியிருப்பார். பாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை அப்படி மறிக்க முடியாது. அதனால்தான் என்னைப் பிடித்தார். இதெல்லாம் விளங்க எனக்கு இன்னும் எத்தனையோ நத்தார்கள் வேண்டியிருந்தன. நான் பாடிய அந்த நத்தாரன்று மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சித்தி என்னைத் தன் மடியில் இருத்தி இறுக்கிப் பிடித்திருந்தார். இவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகியும் ஏன் ஒருவரும் கைதட்டவில்லை என்று அவர் காதுக்குள் கேட்டேன்.