மண்டபத்து வரலாற்றில் நான் வெட்டிய வரிகள்

போன சனிக்கிழமையிலிருந்து என் மகள் துர்கா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் ‘ம்’... அவ்வளவுதான்.

எங்கள் டவுனில் பழைய இசை மண்டபம் ஒன்று இருக்கிறது. பழுதுபார்த்து, பெயின்ட் அடித்து, அன்றைக்குத்தான் மறுபடி திறந்தார்கள். பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் மண்டபத்தின் வரலாற்றை மேடையில் சொல்வது துர்காவின் பொறுப்பு.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இன்னும் குடியிருக்கும் என் அண்ணனிடம் விசாரித்து எழுதி வந்தாள். கடை முதலாளிமார் நிலம் கொடுத்தார்கள் – சரி. லொறி ஏறாத மேட்டுக்கு மணல் சுமந்தது யார்? எங்கள் அம்மாவும் தோட்டத்துப் பெண்களும். ஞாயிற்றுக்கிழமைகளில், கொழுந்துக் கூடையில். அந்தக் காலத்துத் திறப்பு விழாவன்று அவர்களுக்கு உள்ளே இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டார்களாம்.

அந்த வரிகளை நான் வெட்டினேன்.

“முன்வரிசையில முதலாளி வீட்டு ஆளுங்க இருப்பாங்க. இதெல்லாம் எதுக்குடி?”

உண்மைக் காரணம் வேறு. நான் லயத்தில் பிறந்தவள் என்று டவுனில் யாரிடமும் சொன்னதில்லை. ஏன், இத்தனை வாரமாக இந்தப் பத்தியை எழுதுகிறேனே, வாசகர்களாகிய உங்களிடம் சொன்னேனா?

மேடையில் துர்கா நான் திருத்தியதைத்தான் படித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். அவள் பார்வை போன பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே, நனைந்த சட்டையோடு... அண்ணன்!

பக்கத்திலிருந்த விழாக்குழுத் தலைவர் கேட்டார்: “யாருங்க டீச்சர் அது?”

“தெரியலைங்க.”

சொல்லி வாய் மூடவில்லை. மைக்கில் துர்காவின் குரல்: “மாமா, ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. அம்மா பக்கத்துல சீட் இருக்கு.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “பாப்பாதான் போன்ல சொன்னுச்சு. கார்டு இல்லாம விடுவாங்களோன்னு நின்னேம்மா. ஒனக்கு இருக்கிற வேலையில மறந்திருப்ப.”

மறக்கவில்லை. அழைப்பிதழை வேண்டுமென்றே கொடுக்கவில்லை.

மேடையில் துர்கா தாளை மடித்துவிட்டு, மணல் சுமந்த கதையைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். முன்வரிசை கைதட்டியது. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

அண்ணன் மெல்லக் குனிந்தார். “வீட்டுக்குப் போயி புள்ளைய ஏசிறாத, என்ன?”

அன்றிரவே மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“என்கிட்ட எதுக்கும்மா? மாமாகிட்ட கேளுங்க.”

நாளைக் காலை தோட்டத்துக்குப் போகிறேன். உங்களிடம் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது... ‘மறந்திருப்ப’ என்று நம்பிச் சொன்ன அண்ணனின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லையே!